குண்டுவீச்சு விமானமா, சண்டை விமானமா?

வான்படை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இளைஞரிடையே ஒரு வாதம் மூள்வதை நாம் காண்கின்றோம். குண்டுவீச்சு விமானம் வலியதா, சண்டை விமானம் வலியதா என்பதே அவ்வாதம். வேகம் இத்தனை மைல், உயரம் இத்தனை அடி, சுமை இத்தனை தொன் என இரு சாராரும் எண்களை அடுக்குவர். ஆயின் எண்களால் மட்டும் இவ்வழக்குத் தீராது. எந்த விமானம் எப்பணிக்கு ஏவப்பட்டது, அன்று விளைந்தது யாது என்று நோக்குதலே தீர்ப்புக்கு வழியாகும்.

குண்டுவீச்சு விமானம் சுமை தூக்கி. நெடுந்தூரம் பறந்து, ஏந்திச் சென்றதை இட்டுத் திரும்புவது அதன் கடமை. சண்டை விமானமோ வானத்தில் எதிரியைத் தடுப்பது. விரைவும் திருப்பமும் அதன் உயிர். சுமை கூடினால் விரைவு குறையும்; எரிபொருள் குறைந்தால் தூரம் குறையும். இரண்டுக்கும் இடையிலான பூசல் இந்த எளிய கணக்கிலேதான் பிறக்கின்றது.

தடுக்க முடியாதது என்ற நம்பிக்கை

இத்தாலியத் தளபதி யூலியோ டூஹே 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வருங்காலப் போரைக் குண்டுவீச்சு விமானமே முடித்துவைக்கும் என வாதிட்டார். 1932 நவம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்திலே ஸ்டான்லி பால்ட்வினும், குண்டுவீச்சு விமானம் எப்படியும் ஊடுருவி வந்தே தீரும் என்று எச்சரித்தார். அக்காலத்தில் இவ்விரு வகை விமானங்களின் வேகத்திலும் பெரும் வேறுபாடு இருக்கவில்லை. எதிரி வருவதை முன்னறியும் சாதனமும் இல்லை. ஆதலின் அந்த அச்சம் காரணமற்றதன்று.

1940இல் நிலைமை மாறிற்று. றேடார் நிலையங்கள் முன்னறிவித்தன. ஹரிக்கேன், ஸ்பிட்பயர் விமானங்கள் உரிய நேரத்தில் மேலெழுந்தன. ஜேர்மனியரின் காவல் விமானமான மெஸ்ஸர்ஸ்மித் 109, எரிபொருட் குறைவால் லண்டனின் மேல் சில நிமிட நேரமே நின்று போரிட இயன்றது. காவல் திரும்பியதும் குண்டுவீச்சு விமானங்கள் தனித்து நின்றன.

இப்பாடத்தை அமெரிக்கரும் பெருவிலை கொடுத்தே கற்றனர். பல இயந்திரத் துப்பாக்கிகள் பூட்டிய தம் பி-17 விமானங்கள், அணிவகுத்துச் சென்றால் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என அவர்கள் நம்பினர். 1943 அக்டோபர் 14ஆம் திகதி ஜேர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகரத்து உருளைத் தாங்கித் தொழிற்சாலைகளைத் தாக்க 291 விமானங்கள் புறப்பட்டன. காவல் விமானங்கள் பாதி வழியில் திரும்ப நேர்ந்தது. அன்று 60 குண்டுவீச்சு விமானங்கள் வீழ்ந்தன. ஒவ்வொன்றிலும் பத்து இளைஞர் இருந்தனர் என்பதை நினைத்தால் அந்த எண்ணின் பொருள் விளங்கும்.

மாற்றம் தந்தது மஸ்டாங் என்னும் சண்டை விமானம். அமெரிக்க உடலில் பிரித்தானிய மேர்லின் இயந்திரத்தைப் பொருத்தினர்; சிறகுகளின் கீழ் கழற்றி விடக்கூடிய எரிபொருட் கலங்களைத் தொங்கவிட்டனர். 1944 மார்ச்சில் அது பேர்லின் வரை துணை சென்றது. குண்டுவீச்சு விமானத்தைக் காத்தது அதன் துப்பாக்கியன்று, அதன் தோழனே.

இலங்கை வானில்

இவ்வுண்மைக்கு நம் நாட்டு வானமும் சான்று. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை ஸீரோ விமானங்களின் காவலுடன் கொழும்பின் மீது வந்தன. எதிரிக் கப்பற்படை நெருங்குவது முதல் நாளே அறியப்பட்டிருந்தும், இரத்மலானையில் ஹரிக்கேன்கள் தரையை விட்டு எழும்பும் வேளையில் எதிரி தலைக்கு மேல் நின்றான். உயரத்தில் இருப்பவனுக்கே முதல் வெற்றி என்பது வான் போரின் விதி.

ஏப்ரல் 9இல் திருக்கோணமலை தாக்கப்பட்டது. அன்றே ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், காவலின்றி, யப்பானியக் கப்பற்படையைத் தேடிச் சென்று குண்டு வீசின. ஒரு குண்டும் கப்பலிற் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால், விமானந் தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், தன்னிடம் ஒரு விமானமும் இன்றி, உதவி வந்து சேருமுன் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பெயர் மயக்கம்

போருக்குப் பின் வந்த காலம் பெயர்களையே மயக்கிவிட்டது. வியட்நாம் போரில் வட பகுதியின் பாலங்களையும் சாலைகளையும் தாக்கும் பணியிற் பெரும்பங்கு எப்-105 என்ற ‘சண்டை விமான’த்துக்குக் கிடைத்தது. அணுக்குண்டு ஏந்தப் பிறந்த பி-52 விமானமோ 1965 முதல் தென் பகுதிக் காடுகளின் மீது சாதாரணக் குண்டுகளைச் சொரிந்தது. எப்-117 என்ற விமானம் எண்ணால் சண்டை விமானம்; செய்ததோ குண்டுவீச்சு மட்டுமே. நம் நாட்டிலும் 1996இல் வந்து சேர்ந்த கிபிர், சண்டை விமான வகையைச் சேர்ந்ததாயினும், குண்டு வீசவே பயன்பட்டது. பதுங்குகுழியில் இருந்தவர்க்கு இந்த வகைப்பாடு ஒரு பயனும் தரவில்லை.

அவ்வாறாயின் பெரிய குண்டுவீச்சு விமானத்தின் காலம் முடிந்ததோ? இல்லை. 1952இல் முதலிற் பறந்த பி-52 இன்றும் சேவையிலுள்ளது. 2001இல் ஒரு பி-2 விமானம் அமெரிக்காவிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குச் சென்று, வானிலேயே எரிபொருள் நிரப்பி, 44 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. தூரமும் சுமையும் வேண்டுமிடத்தில் சிறிய விமானம் அதற்கு ஈடாகாது. ஆயினும் வானத்தை முதலிற் கைக்கொள்ளாத படை பெரிய விமானத்தைத் துணிந்து அனுப்ப இயலாது. 2022 முதல் உக்ரேனிலோ, ஆளில்லாச் சிறு விமானங்களை வீழ்த்த, அவற்றினும் விலை கூடிய ஏவுகணைகள் செலவாகின்றன. கணக்கு மீண்டும் மாறுகின்றது.

எனவே, எது வலியது என்னும் வினாவுக்குத் தனி விடையில்லை. துணையின்றிச் சென்றது வீழ்ந்தது. துணையோடு சென்றது திரும்பியது. இனி வாதிடும் இளைஞர், வேகத்தையும் சுமையையும் கேட்டபின் இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்பாராக: புறப்பட்டவருள் எத்தனை பேர் வீடு திரும்பினர்? அக்குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர் யாவர்? இவ்விரண்டுக்கும் விடை தேடாதவன் விமானத்தை அறிந்தவனாகலாம், போரை அறிந்தவனாகான்.