இரண்டாவது கத்திக்கு முன்

உடல் நிறையைக் குறைக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு நிறை மீண்டும் ஏறினால் என்ன செய்வது?

பலாலியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை. அங்குள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. கொவிட்டால் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் வந்து சேர்ந்தது. உடுப்பிட்டியில் இருந்து இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போவதைவிடச் சென்னைக்குப் போய் வைத்தியம் பார்ப்பது சிலருக்குச் சுகமாகிவிட்டது. கண்ணுக்கும் முழங்காலுக்கும் இருதயத்துக்கும் என்று போன பாதையில், நிறை குறைக்கும் சத்திரசிகிச்சையும் இப்போது பேச்சில் அடிபடுகிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிற உறவுகளுக்கு இது புதிதல்ல. தகுதியுள்ளவர்களுக்கு அங்கே அரச மருத்துவமோ காப்புறுதியோ செலவை ஏற்கிறது.

செய்யும் முன் எல்லாரும் கேட்பது, "எத்தனை கிலோ குறையும்?" செய்து நாலைந்து வருடம் போன பிறகு சிலர் கேட்பது, "குறைஞ்சதெல்லாம் திரும்பி வருது, இன்னொருக்காச் செய்யலாமோ?" முதற் கேள்விக்கு விளம்பரங்களே விடை சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல நிதானம் வேண்டும். முதல் சத்திரசிகிச்சை பிழைத்ததா, அதற்குப் பிறகு நடந்திருக்க வேண்டியவை நடக்கவில்லையா என்று பார்க்காமல் இரண்டாவதுக்கு நாள் குறிப்பது சரியல்ல.

வயிற்றுக்குள் நடப்பது

இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்'. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒடுங்கிய குழாய் போன்ற பகுதியை மட்டும் விடுகிறார்கள். வெட்டிய பகுதி திரும்பி வராது. 'பைபாஸ்' வேறு விதம். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறிய பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே தொடுத்துவிடுவார்கள். 2000ஆம் ஆண்டுகளில் மேற்கு நாடுகளில் பரவலாக இருந்தது 'பாண்ட்'. இரைப்பையைச் சுற்றி ஒரு சிலிக்கன் வளையம் மாட்டி, தோலுக்கடியில் வைத்த சிறு கிண்ணத்தினூடாக ஊசியால் நீர் ஏற்றி அதை இறுக்குவார்கள், எடுத்துத் தளர்த்துவார்கள். வளையம் நழுவுவதும் இரைப்பைச் சுவரை அரிப்பதும் கண்டு, இப்போது பாண்ட் போடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பு போட்டவர்களில் பலர் அதைக் கழற்ற வேண்டி வந்திருக்கிறது.

இது அழகுக்காகச் செய்கிற வைத்தியம் என்ற எண்ணம் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. அது பிழை. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு ஆபத்து 29 வீதம் குறைவாக இருந்ததை 2007இல் காட்டியது. சலரோகத்தின் மேல் இதற்குள்ள பலமும் நன்கு அறியப்பட்டது. இலங்கைக்கு இது சின்ன விடயம் அல்ல. 2005–06இல் எடுத்த கணக்கில் வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்குச் சலரோகம் இருந்தது. 2018–19இல் இன்னொரு தேசிய ஆய்வு 23 வீதம் என்றது. இரண்டு ஆய்வுகளின் முறையும் ஒன்றல்ல என்றாலும் போக்கில் சந்தேகம் இல்லை. தெற்காசியரின் உடலில் நிறை குறைவாக இருக்கும்போதே சலரோகம் வந்துவிடுவதால், எங்களுக்கான அளவுகோலும் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. சர்வதேச சத்திரசிகிச்சைச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல் ஆசிய மக்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் (பிஎம்ஐ) 27.5இல் இருந்தே இந்தச் சத்திரசிகிச்சையை வழங்கலாம் என்கிறது. 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு அது சுமார் 70 கிலோ.

ஏறுவது எல்லாம் தோல்வியா?

அதே சுவீடன் ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 வீதம் நிறை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 25 வீதத்தில் நின்றது. பாண்ட் போட்டவர்களுக்கு 20 வீதம் குறைந்து, பிறகு 14இல் நின்றது. நூறு கிலோவில் தொடங்கிய பைபாஸ்காரர் 68 வரை இறங்கி, பிறகு 75இல் நிலைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஏறிய ஏழு கிலோவைப் பார்த்து அழுகிறவர் குறைந்தே நிற்கும் இருபத்தைந்து கிலோவை மறந்துவிடுகிறார். இந்த அளவு ஏற்றம் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இழந்த நிறையை மீட்க உடல் தானாகவே முயலும். செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பசியைக் கூட்டும். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹோர்மோன் பெருமளவு இரைப்பையில் சுரப்பதால், ஸ்லீவ் செய்த தொடக்கத்தில் பசி மடங்கிக் கிடக்கும். அந்தச் சலுகை எல்லாருக்கும் கடைசிவரை நிலைப்பதில்லை. இவற்றின் மேல் தைரொயிட் குறைபாடு, ஸ்ரீரொயிட் மாத்திரை, மனநோய்க்கான சில மருந்துகள், நித்திரையின்மை, மனச்சோர்வு ஆகியவையும் நிறையைக் கூட்டும். மீண்டும் வெட்டி இவற்றில் ஒன்றையும் தீர்க்க முடியாது.

உடுப்பிட்டிக் கோப்பையில்

சத்திரசிகிச்சை செய்தவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம் அளவு. சமைத்த மீன் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் உண்டு. வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் காலையில் கரை சேர்கிற மீன் மதியத்துக்கு முன் உடுப்பிட்டிக் குசினிக்கு வந்துவிடுகிற ஊரில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. கோப்பையில் எது முதலில் என்பதுதான் சிக்கல்.

எங்கள் கோப்பையில் புட்டு மலையாகவும் மீன் துண்டு ஓரமாகவும் இருக்கும். ஸ்லீவ் செய்தவர் இதை மாற்ற வேண்டும். முதலில் மீனோ முட்டையோ பருப்போ, பிறகு மரக்கறி, இடமிருந்தால் கடைசியில் இரண்டு வாய் புட்டு. சொதியில் ஊறிய இடியப்பம் மெல்லாமலே இறங்கும். இப்படி வழுக்கிப் போகிறவை வயிறு நிறைந்த உணர்வைத் தராமல் கலோரியை மட்டும் தரும். ஐஸ்கிறீம், சீனி போட்ட பிளேன்ரீயில் தோய்த்த பிஸ்கற், சோடா எல்லாம் இந்த வகைதான். அளவு சிறிதாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு நாள் முழுக்க இப்படிக் கொறிப்பவருக்கு நிறை ஏறாமல் என்ன செய்யும்? சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் அரை மணித்தியாலம் விட்டுக் குடிக்கச் சொல்வதும் உணவு விரைவாகக் கழுவுண்டு இறங்கிவிடாமல் இருக்கத்தான்.

கலியாண வீட்டுப் பந்தியில் இவர்கள் படும் பாடு தனி. "என்ன பிள்ளை, வருத்தமோ? வடிவா இருந்தனி, இப்ப உருக்குலைஞ்சு போனாய்" என்று ஒரு மாமி தொடங்குவார். "கொஞ்சம் வைக்கிறன், சாப்பிடு" என்று இன்னொருவர் வாளியோடு நிற்பார். ஒப்பரேஷன் செய்ததைச் சொல்ல வெட்கம், சொல்லாவிட்டால் சாப்பாட்டைக் குறை சொன்னதாகக் கோபம். வற்புறுத்தி ஊட்டுவது எங்கள் அன்பின் வழக்கம். இவர்களுக்கு அது வாந்தியில் முடியும்.

விரதங்களையும் சொல்ல வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. இரைப்பையை வெட்டியவருக்கு இது ஆபத்து. நீர் வற்றுவது ஒன்று, உடலில் தயமின் எனும் விற்றமின் பி1 தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படுவது இன்னொன்று. வைத்தியரிடம் கேட்காமல் இருக்கக் கூடாத விரதம் அது. இரும்புச்சத்து, விற்றமின் பி12, போலிக் அமிலம், கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றுக்கு மாத்திரை அல்லது ஊசி ஆயுள் முழுக்கத் தேவைப்படும். முழு மரக்கறிக்காரர் பி12 விடயத்தில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். முழங்கால் நோவுக்குப் பார்மசியில் நேரே வாங்கி விழுங்குகிற டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை பைபாஸ் செய்தவரின் தொடுப்பில் புண்ணை உண்டாக்கும். மதுபானமும் அவர்களுக்கு வேகமாக ஏறும்.

மீள்சத்திரசிகிச்சை யாருக்கு?

வடமராட்சியில் பந்து உதைத்த எவருக்கும் மரடோனாவைத் தெரியும். 2005இல் அவர் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் பைபாஸ் செய்து நன்றாக மெலிந்தார். வருடங்கள் போக நிறை திரும்பியது. 2015இல் வெனிசுவேலாவில் மீண்டும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். பணமும் வைத்தியரும் கைக்கெட்டிய ஒருவருக்கும் முதல் தடவையோடு விடயம் முடியவில்லை. அமெரிக்காவில் இத்துறைச் சத்திரசிகிச்சைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் மீள்சத்திரசிகிச்சைதான்.

அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. முதலாவது நெஞ்செரிவு. ஸ்லீவ் செய்தபின் அமிலம் மேலே ஏறி, படுத்தால் தொண்டை எரிந்து, மருந்துக்கும் அடங்காமல் போவது சிலருக்கு நடக்கிறது. பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று பிரித்துப் பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதத்தினரிடமும் பைபாஸ் செய்தவர்களில் 7 வீதத்தினரிடமும் இருந்தது. அடங்காத நெஞ்செரிவுள்ள ஸ்லீவ்காரருக்குப் பைபாஸாக மாற்றுவது நியாயமான வைத்தியம். இரண்டாவது, நழுவிய, அரித்த, அடைத்த பாண்டைக் கழற்றுவது. மூன்றாவது, உடலமைப்பில் தெரியும் பிழை: ஸ்லீவின் மேற்பகுதி விரிந்திருப்பது, பைபாஸ் செய்த சிறிய பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையில் வழி திறந்திருப்பது. எண்டோஸ்கோப்பியும் மருந்து குடிக்கவைத்து எடுக்கிற எக்ஸ்ரேயும் இவற்றைக் காட்டும்.

இவை ஒன்றும் இல்லாமல் நிறை மட்டும் ஏறியிருந்தால் அவசரம் வேண்டாம். இரண்டாவது தடவை உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடக்கும், தையல் கசியும் ஆபத்து கூடும், குறைகிற நிறை பெரும்பாலும் முதல் தடவை அளவுக்கு வராது. முதல் சத்திரசிகிச்சையிலேயே உயிராபத்து உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நிறை குறைப்புச் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரித்து அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. கட்டணத்தை விசாரிக்கிறவர், அவசரத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மீள்சத்திரசிகிச்சையில் அந்த வைத்தியருக்கு எவ்வளவு அனுபவம் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

கத்திக்கு மாற்றாக இப்போது நிறை குறைக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. 2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையில் எதிர்பார்த்த பலன் பெறாத 70 பேரில் ஒரு பகுதியினருக்கு லிராகுளுரைட் ஊசி போட்டார்கள். 24 கிழமையில் அவர்களின் நிறை ஏறக்குறைய 9 வீதம் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு ஒரு வீதமும் இல்லை. அதன்பின் வந்த செமாகுளுரைட், டிர்செபடைட் இன்னும் பலமானவை. இந்தியாவில் இரண்டும் 2025இல் நிறை குறைப்புக்கென விற்பனைக்கு வந்தன. நிறுத்தினால் நிறை திரும்பும், விலையும் கூட. ஆனாலும் மீண்டும் வயிற்றைத் திறக்கும் முன் வைத்தியரிடம் இவற்றைப் பற்றிக் கேட்பது புத்தி.

கையில் இருக்க வேண்டிய கடதாசி

இங்கிலாந்தின் வழிகாட்டல்படி, சத்திரசிகிச்சை செய்த பிரிவே குறைந்தது இரண்டு வருடம் நோயாளியைப் பார்க்க வேண்டும். பிறகு ஆயுள் முழுக்க வருடம் ஒரு தடவை பரிசோதனை. சென்னைக்குப் போய்ச் சில நாளில் திரும்புகிறவருக்கு அந்த இரண்டு வருடம் எங்கே? லண்டனில் செய்துவிட்டு ஊரோடு வந்து இருக்கிற ஓய்வூதியக்காரருக்கு வருடப் பரிசோதனை எங்கே? முதல் சத்திரசிகிச்சை தோற்றது என்று சொல்லப்படுகிற இடங்களில் பலதடவை தோற்றது இந்தத் தொடர் கவனிப்புத்தான்.

ஆகவே செய்துகொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வகை, எந்தத் திகதி, எந்தப் பக்கத்தில் தொடுப்பு என்று எழுதிய சத்திரசிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு படம் போனில் இருக்கட்டும். பைபாஸ் செய்து எத்தனை வருடம் போனாலும், திடீரென்று கடும் வயிற்றுநோவு வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கக்கூடும், அது அவசரம். நிற்காத வாந்தியும் அப்படியே அவசரம். மந்திகை ஆதார வைத்தியசாலையில் இரவு கடமையில் இருக்கிற வைத்தியருக்கு உங்கள் வயிற்றின் உள்ளமைப்பை அந்தக் கடதாசிதான் சொல்ல வேண்டும். வருடம் ஒரு தடவை இரத்தம் கொடுத்து இரும்பு, பி12, விற்றமின் டி, கல்சியம், சீனி பாருங்கள். வீட்டாரிடம் மறைக்காதீர்கள், பந்தியில் உங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

இரண்டாவது சத்திரசிகிச்சையை யோசிக்கிறவர்கள், எண்டோஸ்கோப்பி முடிவு, தைரொயிட் உட்பட இரத்தப் பரிசோதனைகள், போசணை ஆலோசகரோடு சில மாதம் எழுதிய உணவுக் குறிப்பு ஆகிய மூன்றையும் மேசையில் வைத்துக் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் திகதி சொல்கிற வைத்தியரிடம் இரண்டாவது தடவை படுக்காதீர்கள்.