கடற்கரை நடைபயணம்: காரை எங்கே நிறுத்துவது? எக்செல் சொல்லும்!

எக்செல் என்றாலே மளிகைக் கணக்கும் மார்க் லிஸ்ட்டும்தான் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். நேரக் கணக்கிலும் அது கெட்டிக்காரன். ஆன்சைட் வேலையாக இங்கிலாந்தில் இருந்தபோது, சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத் என்னும் கடற்கரைப் பாதையில் விடுமுறை நாட்களில் நடக்க நான் நம்பியது எக்செலைத்தான்.

மைன்ஹெட் ஊரில் தொடங்கி பூல் துறைமுக வாயிலில் முடியும் இந்தப் பாதையின் நீளம் 630 மைல். மொத்தமாக நடக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பலரும் துண்டு துண்டாக நடக்கிறார்கள். சிக்கல் இங்குதான். காரை நிறுத்திவிட்டு நடந்தால், மாலையில் நீங்கள் ஓர் ஊரில், கார் வேறோர் ஊரில்!

காரை நடை முடியும் இடத்தில் நிறுத்துங்கள். காலையில் பஸ் பிடித்துத் தொடக்க இடத்துக்குப் போய், காரை நோக்கி நடந்து வாருங்கள். கடைசி பஸ்ஸுக்காக ஓட வேண்டியதில்லை. கூகுள் மேப்ஸில் பஸ் படத்தைக் கிளிக் செய்து, நடக்கப்போகும் தேதியையும் கொடுத்துத் தேடலாம். பஸ் கம்பெனியின் அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். ஞாயிறு அட்டவணை வேறு, குளிர்கால அட்டவணை வேறு. பஸ் இல்லாத இடத்துக்கு டாக்சியை முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பஸ்ஸை விடக் கடல் கண்டிப்பானது. டெவன் பகுதியில் எர்ம் ஆற்று முகத்துவாரத்தில் பாதைக்குப் பாலம் இல்லை, படகும் இல்லை. கடல் நீர் முழுவதும் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும்தான் இறங்கிக் கடக்கலாம். தவறினால் சாலை வழியே பல மைல் சுற்று. கனமழை பெய்திருந்தால் வற்றும் நேரத்திலும் இறங்கக் கூடாது.

இதை எக்செலில் போடுவோம். எக்செலுக்கு ஒரு நாள் என்பது 1, ஒரு மணி நேரம் என்பது 1/24. முதல் செல்லில் நடக்கத் தொடங்கும் நேரம் 9:50. தூரம் 8 மைல், வேகம் மணிக்கு 2 மைல் (ஏற்ற இறக்கம் அதிகம், இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்). தூரத்தை வேகத்தால் வகுத்து, மீண்டும் 24ஆல் வகுத்து, தொடக்க நேரத்துடன் கூட்டுங்கள். செல்லை டைம் ஃபார்மட்டுக்கு மாற்றினால் 13:50 என்று வரும். சாப்பாட்டுக்கு அரை மணி சேர்த்தால் ஆற்றை அடைவது 14:20.

அலை அட்டவணையில் நீர் வற்றும் நேரம் 12:40 என்று இருக்கட்டும். அது கிரீன்விச் நேரமா என்று கவனியுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். எனவே 1/24 கூட்டினால் 13:40. இன்னொரு 1/24 கூட்டினால் கடைசி நேரம் 14:40. அதிலிருந்து 14:20ஐக் கழித்தால் கையிருப்பு 20 நிமிடம்.

தாமதமாகக் கிளம்பினால் விடை மைனஸில் போகும். எக்செலால் மைனஸ் நேரத்தைக் காட்ட முடியாது; செல் முழுக்க ##### என்று நிரப்பிவிடும். காலத்தை அகலப்படுத்தியும் அது மறையவில்லை என்றால், அன்று ஆற்றைக் கடக்க முடியாது என்று பொருள்.

கார் பார்க் கட்டணத்தைப் பல இடங்களில் மொபைல் ஆப்பில் கட்டச் சொல்கிறார்கள். பாறைச்சரிவுக்குக் கீழே சிக்னல் கிடைக்காது, சில்லறை வைத்திருங்கள். ஷீட்டையும் ஒரு பிரின்ட் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.