காதால் வாசிக்கும் நூல்கள்

"புத்தகம் வாசிக்க நேரமில்லை" என்பது புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எம்மவர் வாயிலிருந்து அடிக்கடி வெளிவரும் சொல்லாகும். அது வெறும் சாட்டும் அன்று. இலண்டனில் இரவு வேலை முடித்து, விடியற்காலையில் இரண்டு பேருந்து மாறி வீடு வந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுப் படுக்கைக்குச் செல்லும் ஒருவரிடம் அறுநூறு பக்க அரசியல் நூலொன்றை நீட்டுவது இரக்கமற்ற செயலே. நாமும் அந்த வரிசையில் நின்றவர்கள்தாம். வாங்கிய நூல்கள் அலுமாரியில் தூசி படிந்து கிடக்க, ஆண்டுக்கு ஒன்றைக்கூட முடிக்க இயலாதவர்களாய் இருந்தோம்.

இந்நிலையை மாற்றியது ஒலிநூல். பொதி பிரிக்கும் வேலைத்தலத்திற்குப் போகும்போதும் வரும்போதும், கைத்தொலைபேசியின் துணையுடன் அரசியல், சமூகம், விண்வெளி பற்றிய ஆங்கில நூல்களைச் சில ஆண்டுகளாகச் செவிமடுத்து வருகின்றோம். அவ்வனுபவத்தில் நாம் கண்ட நிறைகளையும் குறைகளையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்வையிழந்தோர் வழிவந்த கொடை

ஒலிநூல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. முதலாம் உலகப் போரில் பார்வையை இழந்த படைவீரர்களின் தேவையே பிரித்தானியாவில் இதற்கு வித்திட்டது. 1935ஆம் ஆண்டில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் 'பேசும் நூல்' சேவையை ஆரம்பித்தது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஓடும் இசைத்தட்டுகளில் நூல்கள் பதிவுசெய்யப்பட்டு, வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. பின்னர் ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது, இன்று அனைத்தும் சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டன. இலண்டன் நகரசபைகளின் நூலகங்கள் இவற்றை இலவசமாகவே இரவல் தருகின்றன என்பது எம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

எமக்கும் இது முற்றிலும் புதியதன்று. ஊர் வாசிகசாலையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, எழுத்தறியாத முதியோரும் உலக நடப்பை அறிந்து விவாதித்த காலத்தை எம்மிற் பலர் கண்டிருக்கின்றோம்.

விண்ணும் மண்ணும்

நாம் கேட்டவற்றுள் மனதை முதலில் ஈர்த்தவை விண்வெளி நூல்களே. 1990ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி, வொயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீற்றர் தொலைவிலிருந்து பூமியைப் படம்பிடித்தது. அப்படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்த எமது உலகைப் பற்றி வானியலறிஞர் கார்ல் சேகன் 1994இல் எழுதிய நூலில், ஒரு பகுதியை அவரே வாசித்திருக்கின்றார். அவரது பதிவு கிடைக்காத இடங்களை அவரது துணைவியார் ஆன் ட்ரூயன் வாசித்து நிறைவு செய்துள்ளார். சேகன் 1996இல் மறைந்தவர். மறைந்த கணவரின் குரல் நிற்கும் இடத்தில் மனைவியின் குரல் தொடர்வதை அச்சிட்ட தாளில் எவரும் பெற முடியாது.

விண்வெளியும் அரசியலும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைக் காட்டுவது, அடம் ஹிகின்பொதம் 2024இல் எழுதி வெளியிட்ட சலஞ்சர் விண்ணோடம் பற்றிய நூல். 1986 ஜனவரி 28ஆம் திகதி, புறப்பட்டு 73ஆவது வினாடியில் அவ்விண்ணோடம் சிதறி எழுவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் பாடசாலை ஆசிரியை. முன்னிரவில் நடந்த தொலைபேசி மாநாட்டில், கடுங்குளிரில் உந்துகலத்தின் இறப்பர் வளையங்கள் இறுகிவிடக்கூடும், பயணத்தை ஒத்திவையுங்கள் என்று பொறியியலாளர்கள் மன்றாடினர். கால அட்டவணையின் நெருக்குதல் அவர்களது குரலை அமுக்கியது. பின்னர் விசாரணைக் குழுவின் முன், பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் அவ்வளையத்தின் துண்டொன்றைக் குளிர்நீரில் இட்டு, அது தன் மீள்தன்மையை இழப்பதைக் காட்டினார். தொலைபேசியில் கேட்டும் கேளாது விடப்பட்ட எச்சரிக்கையை நள்ளிரவுப் பேருந்தில் காதோரம் கேட்டபோது, முடிவு தெரிந்திருந்தும் எமது கை இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டது.

வாடகையும் வெள்ளை மாளிகையும்

சமூக நூல்களில் முதலிடம் தரத்தக்கது, அமெரிக்க சமூகவியலாளர் மத்தியூ டெஸ்மண்ட் 2016இல் வெளியிட்ட, வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்படுவோர் பற்றிய ஆய்வாகும். மில்வோக்கி நகரின் எட்டுக் குடும்பங்களோடு பழகி அவர் எழுதிய இந்நூல் 2017இல் புலிட்சர் பரிசு பெற்றது. வருமானத்தின் பெரும்பகுதியை வாடகை விழுங்க, மிச்சத்தில் உணவா மின்கட்டணமா என்று தவிக்கும் தாய்மாரை இதில் காண்கின்றோம். வீட்டுச் சொந்தக்காரரின் கணக்கையும் ஆசிரியர் மறைக்கவில்லை. ஒற்றை அறைக்குள் நால்வராய் வாழ்ந்து, வாடகைத் திகதியை எண்ணி உறக்கமிழந்த எம்மவர்க்கு இந்நூலை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அரசியல் நூல்களைப் பொறுத்தவரை, ஆசிரியரே வாசிப்பதில் ஒரு சிறப்பும் ஓர் ஆபத்தும் உண்டு. பராக் ஒபாமா 2020இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைத் தம் குரலிலேயே ஏறத்தாழ 29 மணித்தியாலங்கள் வாசித்துள்ளார். எங்கே தயங்குகின்றார், எங்கே நகைக்கின்றார் என்பதெல்லாம் புலப்படுகின்றன. ஆனால் இனிய குரல் வாதத்தின் ஓட்டையையும் மூடிவிடும். தாளில் வாசிக்கும்போது நின்று கேள்வி கேட்கும் மனம், குரலோடு சேர்ந்து தலையசைத்துப் போய்விடுகின்றது.

நாம் பட்ட வெட்கம்

குறைகளையும் சொல்லியாக வேண்டும். புள்ளிவிபரம் மலிந்த நூல்கள் காதுக்கு ஒத்துவருவதில்லை. வரைபடம் இல்லாமல் போர் வரலாற்றைக் கேட்பது இருட்டில் ஊர் தேடுவது போன்றது. அடிக்குறிப்புகளை விரல் வைத்துத் தேட முடியாது.

இவை எல்லாவற்றிலும் பெரியது சுருக்கப் பதிப்பு எனும் பொறி. சில ஆண்டுகளுக்கு முன் அரசியல் தலைவர் ஒருவரின் சுயசரிதையை ஒலிவடிவில் கேட்டு முடித்திருந்தோம். நண்பர் இல்லத்தில் கூடியிருந்தபோது, "அவர் தம் கட்சியின் தவறுகளைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்லவில்லை" என்று அடித்துப் பேசினோம். நண்பரின் மகள், பல்கலைக்கழக மாணவி, எதுவும் பேசாமல் எழுந்து சென்று அச்சு நூலை எடுத்து வந்தாள். "மாமா, இதில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறதே" என்று விரித்துக் காட்டினாள். நாம் கேட்டது சுருக்கப் பதிப்பு. உறையில் அது சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. தவறை அவ்விடத்திலேயே ஒப்புக்கொண்டோம். எனினும், பாதியைக் கேட்டுவிட்டு முழுதும் அறிந்தவர்போல் ஒரு மனிதர்மீது பழி சுமத்தினோமே என்ற உறுத்தல் இன்னும் நீங்கவில்லை. பிறர் எம்மைப் பற்றி அரைகுறையாய்க் கேட்டுத் தீர்ப்புச் சொன்னால் கொதித்தெழும் நாம் அல்லவா!

அன்று முதல் சில விதிகளைக் கைக்கொள்கின்றோம். முழுப் பதிப்பா என்று பார்த்தே இரவல் பெறுகின்றோம். வேகத்தைக் கூட்டிக் கேட்பதைத் தவிர்க்கின்றோம். மேற்கோள் காட்டுவதானால் நூலகத்தில் அச்சு நூலைத் திறந்து சரிபார்த்த பின்னரே பேசுகின்றோம்.

இறுதியாக ஒன்று. தமிழில் இத்தகைய ஒலிநூல்களைத் தேடியபோது எமக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கதைகளே. அரசியலையும் அறிவியலையும் கூறுபவை அரிதாகவே அகப்பட்டன. கண் மங்கிய பெற்றோர் எம் வீடுகளில் பகல் முழுதும் தனித்திருக்கின்றனர். வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு நல்ல கட்டுரை நூலின் சில பக்கங்களை அவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டுவோமா? பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொண்டால், அவர்களுக்கும் தமிழ் காதில் விழும்.

நாம் கடந்த ஞாயிறு முதல் தொடங்கிவிட்டோம்.