வலிக்காத கடி, விடாத காய்ச்சல்

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்கா. அருவிகளில் குளிக்கவும் அவற்றை ஒட்டிய மழைக்காட்டில் நடக்கவும் கூட்டம் வரும் இடம். அங்கே போய் வந்த சிலரைக் கடும் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. அது ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்பது 1990-இல்தான் தெரியவந்தது. பின்னர் உயிரிழப்பும் நேர்ந்தது. வட குயின்ஸ்லாந்தின் காடுகளில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்களையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டில் இதற்கு உண்ணிக் காய்ச்சல் என்று பெயர்.

நோய்க்குக் காரணம் ‘ஓரியன்ஷியா’ என்ற பாக்டீரியா. அதைச் சுமப்பது மண்ணில் வாழும் நுண்ணிய உண்ணி ஒன்று. வளர்ந்த உண்ணி நம்மைச் சீண்டாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அதன் குஞ்சுதான் எலியையோ, வழியில் வரும் மனிதரையோ பற்றிக்கொள்ளும். ரத்தம் குடிக்காது, உமிழ்நீரால் தோல் திசுவைக் கரைத்து உறிஞ்சும். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. அப்படியானால் அதற்குக் கிருமி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து, முட்டை வழியாக! இதனால் காட்டின் ஒரு சிறு திட்டில் கிருமி தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது. உடன் வந்தவர்கள் நலமாக இருக்க, அந்தத் திட்டில் உட்கார்ந்து இளைப்பாறியவருக்கு மட்டும் காய்ச்சல் வரலாம்.

கடித்தது தெரியாது. 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி தொடங்கும். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் வலியற்ற கறுப்புப் பொருக்கு இருக்கலாம், எல்லோருக்கும் இருக்காது. டெங்கு என்று நினைத்து நாளைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு போகும்.

கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால் பெனிசிலின் வகை மருந்துகள் எடுபடாது. 1948-இல் கோலாலம்பூரில் குளோரம்ஃபெனிகால் கொடுத்துக் குணமாக்கினார்கள். இன்று டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் கைகொடுக்கின்றன. நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய இந்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

தடுப்பூசி கிடையாது. காட்டுக்குப் போனால் முழுக்கால் சட்டையும் பூச்சிவிரட்டியும் வேண்டும். வெறுந்தரையில் உட்காரக் கூடாது. திரும்பியதும் குளித்து உடை மாற்ற வேண்டும். மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், போய்வந்த இடத்தை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.