ஆம்ப்ளிபையர் வாங்கப் போறீங்களா? '5 ஆயிரம் வாட்ஸ்' ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை:
போனஸ் பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்கு ஒரு நல்ல 'சவுண்டு செட்' வாங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. சென்னையில் அதற்கு முதலில் நினைவுக்கு வருவது அண்ணா சாலை பக்கம் இருக்கும் ரிச்சி தெருதான்.

அங்கே போய் ஸ்டிக்கரில் இருக்கும் பெரிய நம்பரைப் பார்த்து வாங்கி வந்தால், நாலே நாளில் 'கர கர' சத்தம். கடைசியில் ஸ்பீக்கரே எரிந்துவிடும். பணத்தைக் கொட்டுவதற்கு முன்னாடி சில விஷயங்களைத் தெரிஞ்சுக்குங்க.

பிளக்கே தாங்காது!

'5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ' என்று போட்டிருப்பது வெறும் விளம்பரக் கணக்கு. வீட்டில் இருக்கும் சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டை 6-ஆல் பெருக்கினால் வருவது 1,380 வாட்ஸ். பிளக்கில் வராத கரண்டு பாட்டில் மட்டும் எப்படி வரும்?

12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் செட் என்றால் உள்ளே போவதே 60 வாட்ஸ்தான். அதிலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும். அதனால், "ஆர்.எம்.எஸ் எத்தனை வாட்ஸ்?" என்று கேளுங்க. அதுதான் தொடர்ந்து தரக்கூடிய நிஜமான சக்தி.

'ஓம்ஸ்' பாருங்க

ஸ்பீக்கரின் பின்பக்கம் 4, 6 அல்லது 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும். குறைந்தது 8 ஓம்ஸ் வேண்டும் என்று போட்டிருக்கும் ஆம்ப்ளிபையரில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால், அது இரண்டு மடங்கு கரண்டை இழுக்கும். செட் கொதித்து ஐ.சி. போய்விடும்.

சத்தம் கூடும் என்று ஒரே வாயில் இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை பேரலலாக மாட்டுவார்கள். அப்போது அது 4 ஓம்ஸ் ஆகிவிடும். ஜாக்கிரதை!

வாட்ஸ் எந்த ஓம்ஸில் என்பதையும் கேளுங்க. 4 ஓம்ஸில் 50 வாட்ஸ் தரும் செட், 8 ஓம்ஸில் கிட்டத்தட்ட 25 முதல் 30 வாட்ஸ்தான் தரும்.

சின்ன செட்டும் எரிக்கும்

பெரிய ஆம்ப்ளிபையர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது தப்பு. சின்ன செட்டை முழுசாகத் திருகினால் சத்தம் உடைந்து கரகரக்கும். அந்த உடைந்த சத்தம் முதலில் காலி பண்ணுவது ட்வீட்டரைத்தான். 30 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு அதே ஓம்ஸில் 25 முதல் 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ் தரும் செட் பொருத்தம். கரகரத்தால் உடனே குறைத்துவிட வேண்டும்.

ரூமுக்கு எவ்வளவு?

பத்துக்குப் பத்து ரூமில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வாட்ஸ் போதும். திடீர் டிரம்ஸ் அடிக்கும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 20, 30 வாட்ஸ் இருந்தால் தாராளம்.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். அதே காசுக்கு 85 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபல் ஸ்பீக்கர் கிடைத்தால், பாதி வாட்ஸிலேயே அதே சத்தம் வரும்.

ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பாஸ் கூடி 'கும் கும்' என்று அடிக்கும். கொஞ்சம் தள்ளி வையுங்க. வெறும் சுவர் எதிரொலிக்கும். திரைச்சீலை, பாய், துணி அலமாரி இருந்தாலே பாட்டு தெளிவாகிவிடும்.

கடையிலேயே சோதியுங்க

முடிந்தால் உங்க ஸ்பீக்கரையே கொண்டு போங்க. பாட்டு இல்லாமல் வால்யூமை ஏற்றிப் பாருங்க. 'உர்ர்' என்று அதிகம் இரைந்தால் வேண்டாம். முக்கால் அளவில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்க. பில், வாரண்டி அட்டையை மறக்காமல் வாங்குங்க.

வீட்டில் செட் மேல் துணி போட்டு மூடாதீங்க. பியூஸ் போனால் கம்பி சுற்றவே கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

10 மணிக்கு மேல் உஷார்

85 டெசிபல் சத்தத்தைத் தினமும் 8 மணி நேரம் கேட்டால் காது கெடும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. சுவர் ஒட்டிய வீடுகளில் பாஸ் சத்தம்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். அதைக் குறைத்தாலே பாதி சண்டை குறையும்!