பழைய துணியும் புதிய ஒட்டும்

புதுநன்மைத் திருவிழாவுக்கு ஆறு வாரங்கள் இருந்தபோது, ஒரு தாய் பங்கு இல்லத்துக்கு வந்தார். மகளுக்கு வெள்ளைக் கவுன் எடுக்க வட்டிக்குப் பணம் கேட்டிருப்பதாகச் சொன்னார். "உங்க கல்யாணச் சேலை என்ன நிறம்மா?" என்று கேட்டேன். வெண்பட்டு, பெட்டியில் இருக்கிறது என்றார். "அதிலேயே தைக்கலாமே" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "பழசைப் போட்டுக் கூட்டிட்டு வந்தா நாலு பேரு என்ன சாமி நினைப்பாங்க?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எண்ணவில்லை. பிள்ளையின் தலை குனியக்கூடாது என்பது எந்தத் தாய்க்கும் உள்ள ஆசை. ஆனால், தையல் மிஷின் ஓசையில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஓர் ஆடை பழைய துணியில் தைத்தது என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவசரத் தையல்தான்.

நம் ஆண்டவரும் இதை அறிந்தவர்தான். பழைய ஆடையில் புதிய துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். நோன்பு பற்றிய கேள்விக்குச் சொன்ன பதில் அது. ஆனாலும் எந்தத் தையற்காரரும் தலையாட்டி ஒப்புக்கொள்ளும் உண்மை. பழைய துணி பலமுறை துவைத்துச் சுருங்கி அடங்கிவிட்டது. புதிய பருத்தித் துணி முதல் துவைப்பில்தான் சுருங்கும். சுருங்கும்போது தையல் ஓரத்திலுள்ள நைந்த இழைகளைப் பிடித்து இழுக்கும். ஆகவே பழைய பட்டுக்கு உள்ளே கொடுக்கும் லைனிங் துணியை, வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு கவுன் கோணிக்கொண்டது என்று மிஷினைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்து, சேலையை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். ஒரு சேலை எல்லா இடத்திலும் ஒரேபோல் நைவதில்லை. கால் தட்டும் கீழ்க்கரை, இடுப்பில் செருகும் இடம், பின் குத்திய தோள்பகுதி ஆகியவை முதலில் போகும். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டிலேயே விட்டுப்போகும். சந்தேகமான இடத்தை இரு கட்டைவிரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை பிரிந்தால் அங்கே சாக்கட்டியால் குறியிட்டு, அதைத் தவிர்த்து வெட்டுங்கள். வெண்பட்டு மஞ்சளித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். பட்டு இழையையே அது அரித்துவிடும். சந்தன நிறமாக மாறிய பட்டு அழகாகத்தான் இருக்கும்.

பட்டில் ஒருமுறை குத்திய ஊசித் துளை எளிதில் மறையாது. பிரித்துப் பிரித்துத் தைக்க முடியாது. எனவே முதலில் ஒரு பழைய வேட்டியில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, பிள்ளைக்குப் போட்டு அளவு சரிபாருங்கள். தோளும் கைக்குழியும் சரியான பிறகு, அந்த வேட்டித் துண்டுகளையே பட்டின்மேல் வைத்து வெட்டலாம். பக்கத் தையலில் ஓர் அங்குலம் கூடுதலாக விடுங்கள். பாவாடைப் பகுதியின் உள்ளே இரண்டு டக் பிடித்தால், பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கலாம்.

பட்டுச்சேலை இல்லாத வீடுகளிலும் அப்பாவின் சட்டை இருக்கும். காலரும் கைப்பட்டியும் நைந்துபோனாலும் முதுகுத் துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பொத்தான் பட்டியைப் பிரிக்காமல், அது குழந்தையின் முதுகுப்பக்கம் வரும்படி சட்டையைத் திருப்பி வைத்து வெட்டினால், காஜா எடுக்கும் வேலையே இல்லாமல் ஒரு கவுன் கிடைக்கும். காலர் மட்டும் தேய்ந்த சட்டையென்றால், காலரைப் பிரித்து, மறுபக்கம் திருப்பித் தைத்தால் போதும். நம் தாத்தாக்களுக்குப் பழக்கமான வேலைதான் அது.

திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, அவர் செய்துகொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள் என்று வாசிக்கிறோம். அவை எந்தத் துணியில் தைத்தவை என்று பேதுரு கேட்டதாகக் குறிப்பில்லை.

அந்தத் தாய் கடன் வாங்கவில்லை. அக்கம்பக்கத்து அக்கா ஒருவரின் மிஷினில் நான்கு மாலைகள் உட்கார்ந்து தைத்தார். சேலையின் மெல்லிய சரிகைக்கரை கவுனின் விளிம்பைச் சுற்றி ஓடியது. திருப்பலி முடிந்து வெளியே வந்தவர்கள், "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று அவரிடம் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "என் கல்யாணச் சேலைங்க" என்றார்.

மறுவாரம் வந்து, "மிச்சம் ரெண்டு மீட்டர் இருக்கு சாமி, தலையணை உறை தைச்சுடவா?" என்று கேட்டார். வேண்டாம், பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றேன். கவுன் எங்கேயாவது கிழிந்தால் ஒட்டுப்போட அதே வயதுள்ள துணி வேறு எங்கே கிடைக்கும்?