உயரத்தில் தொங்கும் டிவி

புது வீட்டு ஹாலில் டிவி எங்கே வரும் என்பதைப் பெரும்பாலும் எலெக்ட்ரீஷியன்தான் முடிவு செய்கிறார். பூச்சு வேலைக்கு முன்பே பிளக் பாயின்ட்டுக்குச் சுவரைக் குடைந்துவிடுகிறார். குழந்தைகள் கை படக்கூடாது, கீழே ஷோகேஸ் வர வேண்டும் என்று வீட்டுக்காரர்களும் சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் திரையின் நடுப்பகுதி ஆறடி உயரத்துக்குப் போய்விடுகிறது. யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற பேச்சே எழுவதில்லை.

பாயில் சம்மணமிட்டு உட்காருபவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். எட்டடி தள்ளி உட்கார்ந்தாலும் அவர் சுமார் 24 டிகிரி அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சோபாவில் இருப்பவருக்கு இது 17 டிகிரி.

பெட்டியில் பார்வைக் கோணம் 178 டிகிரி என்று போட்டிருக்கிறதே, 24 எம்மாத்திரம் என்று தோன்றும். அந்த 178 எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். திரையின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம் பத்துக்கு ஒன்றாகக் குறையும் வரை, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே அளப்பதுதான் வழக்கம். நேரே பார்க்கும்போது அதே விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்றாக இருந்திருக்கலாம். நிறம் எவ்வளவு மாறுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே சேராது. ஏதோ ஒரு படம் தெரியும் என்பதற்கு மட்டுமே அந்த எண் உத்தரவாதம்.

எல்.சி.டி. திரையில், பின்னாலிருந்து வரும் ஒளியைத் திரவப் படிக மூலக்கூறுகள் திரும்பியும் சாய்ந்தும் கட்டுப்படுத்துகின்றன. அந்த அடுக்கை ஒளி நேராகக் கடந்தால் ஒரு விளைவு, சாய்வாகக் கடந்தால் வேறு விளைவு. பழைய லேப்டாப்களின் டி.என். பேனலைக் கீழிருந்து பார்த்தால் முகங்கள் ஃபிலிம் நெகட்டிவ் போல மாறுமே, அதற்குக் காரணம் இதுதான். 1996-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் கொண்டுவந்த ஐ.பி.எஸ். முறையில், மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே திரும்புகின்றன. அதனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறுவதில்லை.

நடுத்தர விலை டிவிகள் பலவற்றில் இருப்பது வி.ஏ. பேனல். நேரே பார்க்கும்போது இதன் கறுப்பு அருமையாக இருக்கும். சாய்வாகப் பார்த்தால் இருண்ட சாயல்கள் வெளுத்துவிடும். ஒவ்வொரு பிக்சலையும் பிரித்து, மூலக்கூறுகளை வெவ்வேறு திசைகளில் சாயவிட்டு ஃபுஜிட்சு நிறுவனம் 1990-களிலேயே இந்தக் குறையைக் குறைத்தது, முழுவதும் தீரவில்லை. அண்ணாந்து பார்ப்பவருக்குப் படத்தின் இரவுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரிவது அதனால்தான். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. விலைதான் எல்லோருக்கும் எட்டுவதில்லை.

எவ்வளவு நல்ல பேனல் வாங்கினாலும் கழுத்தும் கண்ணும் நம்முடையவைதான். அண்ணாந்து பார்க்கும்போது இமைகள் அகலத் திறக்கின்றன, கண்ணின் ஈரப்பரப்பு கூடுதலாகக் காற்றில் படுகிறது. திரையை உற்றுப் பார்க்கையில் கண் சிமிட்டுவதும் குறைகிறது. மேலே மின்விசிறியும் சுழன்றால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலர்ந்து, எரிச்சல் தொடங்கும். கம்ப்யூட்டர் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான். டிவிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? தினமும் தரையில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும் பாட்டிக்குக் கழுத்துவலி வந்தால் வயதின் மேல் பழி போடுகிறோம். சுவரில் ஆணி இருக்கும் உயரத்தையும் ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும்.

டிவி மாட்ட ஆள் வரும்போது, வழக்கமாக உட்காரும் இடத்தில் வீட்டாரை உட்காரவைத்துக் கண் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்துக்கு வந்தால் போதும். சோபாவில் பார்ப்பவர்களுக்கு அது மூன்றரை அடி; 43 அங்குல டிவியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். குழந்தைகள் இழுத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஸ்டாண்டில் சும்மா நிற்கும் டிவியைவிட, தாழ்வாக இருந்தாலும் சுவரில் போல்ட் போட்டு இறுக்கியது பத்திரம். ஏற்கெனவே உயரத்தில் மாட்டிவிட்டவர்கள் முன்பக்கம் சாயும் பிராக்கெட் வாங்கலாம். படம் தெளியும், கழுத்துக்கு அதனால் பயனில்லை. வீடு இப்போதுதான் எழும்புகிறது என்றால் வேலை இன்னும் சுலபம்: எலெக்ட்ரீஷியனிடம் டிவி பாயின்ட்டை மூன்றடிக்கும் மூன்றரை அடிக்கும் நடுவில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.